செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பையன்: இளையோர் நாவல் எழுத நினைப்பவர்களுக்கு

ஆண் மேல் ஆசைப்படும் ஒரு பையனை வீடு ஏற்றுக்கொள்ளும் கதையை எழுதப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் கூடத்துக் காட்சியை வெட்டிவிடுங்கள். எது என்று உங்களுக்கே தெரியும். ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும், அப்பா நாற்காலியில், அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி, பையன் நடுவில் நின்று "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பான். எல்லோரும் மாறி மாறிப் பேசி, அழுது, கடைசியில் அப்பா எழுந்து வந்து தோளில் கை வைப்பார். நானும் எழுதினேன், 11 பக்கம். எழுதி முடித்த அன்று எனக்கே கண் கலங்கியது, அதனால் நல்ல காட்சி என்று நம்பிவிட்டேன். பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பையனிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா, ஆனா எங்கப்பா இத்தனை நேரம் ஒரு எடத்துல உக்கார மாட்டாருங்க" என்றான்.

அந்த ஒரு வரியில் நாவல் முழுக்கத் திரும்பி எழுத வேண்டியதாகிவிட்டது. நம் வீடுகளில் பெரிய விஷயம் எதுவும் உட்கார்ந்து பேசித் தீர்க்கப்படுவதில்லை. நிலத்தகராறு, அக்காவின் காதல், தாத்தாவுக்கு வந்த புற்றுநோய், எதுவாக இருந்தாலும் பாதி வார்த்தையிலும் பாதி மௌனத்திலும்தான் நகரும். ஆண் மேல் ஆசைப்படும் ஒரு பையனை வீடு ஏற்றுக்கொள்கிறது என்றால் அதுவும் அப்படித்தான், தவணை முறையில் வரும், இரண்டு தவணை கட்டி மூன்றாவதைக் கட்டாமல் விடுவதும் உண்டு.

சரி, எப்படி எழுதுவது?

ஊரைத் தெளிவாகப் பிடியுங்கள்

"எல்லையோரக் கிராமம்" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நிற்காது. நான் எழுதியது சித்தூர் தாலுகா. சித்தூர் என்றதும் ஆந்திரா என்று நினைக்காதீர்கள், இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். பழைய கொச்சி ராஜ்ஜியத்தின் துண்டு, 1956-ல் கேரளாவோடு போனது. வீட்டில் கொங்குத் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்கள் இன்னும் நடக்கின்றன. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயமுத்தூர் ரோடு. ஜூன், ஜூலையில் கணவாய்க் காற்று அடித்தால் கொடியில் துணி நிற்காது.

இந்த விவரமெல்லாம் அலங்காரத்துக்காக இல்லை, கதைக்கு வேலை செய்ய வேண்டும். உதாரணத்துக்குக் கள். எங்கள் பக்கம் கள்ளுக்கடை இருக்கிறது, பனையும் தென்னையும் சீவுவது தொழில். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் அதே கள்ளுக்குத் தடை. ஒரே மரம், ஒரே பானை, நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனால் குற்றம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டம் என்பது ரோட்டில் கோடு போட்ட விஷயம் என்று சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதிலிருந்து வயது வந்தவர்களின் சம்மதத்தோடு கூடிய உறவை எடுத்துவிட்டபோதும் இரண்டு பக்கமும் ஒரே நாளில்தான் போனது. என் நாவலில் பையனின் மாமா இளநீர் டெம்போ ஓட்டுபவர், அவர் வாயில் இதை வைத்தேன். நீதிமன்றத் தீர்ப்பை விளக்க ஒரு வக்கீல் பாத்திரம் தேவைப்படவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சித்தூர் ஆற்றுக்கு சோகநாசினி என்று பெயர், சோகத்தை அழிப்பவள். தயவுசெய்து உங்கள் பையனைக் கொண்டுபோய் அதன் கரையில் உட்கார வைக்காதீர்கள். நான் வைத்தேன், பிறகு வெட்கத்தோடு எடுத்தேன்.

கதை எந்த வருஷம் நடக்கிறது என்று முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைத் திரும்பக் கொண்டுவந்தது, 2018-ல் மறுபடியும் போனது. 2014-ல் 17 வயதான பையனின் பயமும் 2024-ல் 17 வயதான பையனின் பயமும் வேறு வேறு. இன்றைய பையன் "நாங்க கல்யாணம் பண்ணிக்க முடியுமா" என்று போனில் தேடுவான், 2023 அக்டோபர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது அவனுக்குக் கிடைக்கும். 2014 பையனின் தேடலில் 'குற்றம்' என்ற சொல்தான் வந்து நிற்கும். அவனுக்கு அன்று ஸ்மார்ட்போன் இருந்ததா என்பதும் வேறு கேள்வி.

எந்தச் சொல், யார் வாயில்

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பத்திரிகைகள் ரொம்ப நாளாக 'ஓரினச் சேர்க்கை' என்று எழுதி வந்தன. அதில் சேர்க்கை மட்டும்தான் இருக்கிறது, மனசு இல்லை. 'தன்பாலீர்ப்பு' என்பதில் ஈர்ப்பு இருக்கிறது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கைத் தொடர்ந்து, இப்படிப்பட்டவர்களை மரியாதையாகக் குறிப்பிட ஒரு சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-ல் அரசிதழிலேயே வெளியிட்டது. எழுத உட்காரும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படித்துவிட்டுப் பையனின் வாயில் அதில் ஒரு சொல்லைக்கூட வைக்காதீர்கள். கதைசொல்லி சொல்லலாம், கவுன்சலிங் டீச்சர் சொல்லலாம். 16 வயதுப் பையன் கண்ணாடி முன் நின்று "நான் ஒரு தன்பாலீர்ப்பாளன்" என்றால் வாசிக்கிற பிள்ளை சிரித்துவிடும். அவனுக்கு அந்த விஷயம் முதலில் போனில், ஆங்கிலத்தில், 'கே' (gay) என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். அதற்கும் முன்னால் வசவாக வந்திருக்கும். தமிழில் 'ஒன்பது' என்ற எண்ணையே வசவாக்கி வைத்திருக்கிறோம், ரோல் நம்பர் 9 வந்தால் வகுப்பே இருமும். மலையாளத்தில் 2005-ல் வந்த ஒரு படத்தின் பெயர், நளினமாக நடக்கிற பையன்களுக்குப் பட்டப்பெயராக இன்னும் ஓடுகிறது. எல்லையோரப் பையனுக்கு இரண்டு மொழியிலும் வசவு தெரியும், ஒரு மொழியிலும் பெயர் தெரியாது. கதையை இங்கே தொடங்கலாம்.

இரண்டு மொழி இருப்பதில் ஒரு வரமும் உண்டு. தமிழில் 'பிடிக்கும்' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். பூரி பிடிக்கும், கிரிக்கெட் பிடிக்கும், அவனைப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பது சொல்லில் இல்லை. மலையாளத்து 'இஷ்டம்' அதே வேலையைச் செய்கிறது, ஆனால் நம் காதுக்கு அது கொஞ்சம் துணிச்சலாகக் கேட்கிறது, நம் சொல் அவன் காதுக்கு அப்படிக் கேட்கிறது. என் நாவலில் ஒருவன் தமிழ் வீட்டுப் பையன், இன்னொருவன் மலையாளி வீட்டுப் பையன். தமிழ்ப் பையன் மலையாளத்தில் "எனிக்கு நின்னெ இஷ்டாணு" என்கிறான், மலையாளி கொச்சைத் தமிழில் "உன்னெ புடிக்கும்டா" என்கிறான். சொந்த மொழியில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்பது போல இரண்டு பேரும் அடுத்தவன் மொழியில் ஒளிந்துகொள்கிறார்கள். இந்தக் காட்சிக்கு விளக்கம் எழுதாதீர்கள், இரண்டு வரியில் முடித்துவிடுங்கள்.

கையை எடுக்கும் நேரம்

வெளிநாட்டு இளையோர் நாவல் படித்துவிட்டு எழுத வருபவர்கள் இரண்டு பையன்கள் பள்ளி வராந்தாவில் கை கோத்து நடப்பதை ஒரு பெரிய புரட்சியாக எழுதுகிறார்கள். நம் ஊரில் பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டும் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டும்தான் டீக்கடைக்குப் போகிறார்கள், ஒரு ஸ்கூட்டியில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொடுவதில் ஆபத்து இல்லை. திடீரென்று ஒருநாள் கையை எடுத்துவிட்டால்தான் நண்பர்கள் பார்ப்பார்கள், "ஏன்டா, சண்டையா?" என்று கேட்பார்கள். தன் மனசு தனக்கே தெரிந்துபோன நாளில் பையன் கையை எடுப்பான். அந்தக் கை எடுத்ததை ஒரு அத்தியாயம் முழுக்க எழுதலாம், எழுதுங்கள்.

பெண் பிள்ளைகள் கதையென்றால் கணக்கு மாறும். இரண்டு பெண்கள் ஒரே பாயில் படுத்துக் கிடந்தாலும் வீடு சந்தேகப்படாது, ஆனால் கடிகாரம் சீக்கிரம் ஓடும். பையனுக்கு 28 வரை தவணை உண்டு, பெண்ணுக்கு டிகிரி கையில் வருவதற்குள் ஜாதகம் வெளியே போய்விடும். 2022 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் வயது வந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழலாம் என்று அனுமதித்ததை எங்கள் பக்கத்து வீடுகள் டிவியில் பார்த்தன. பார்த்துவிட்டு சேனலை மாற்றினார்களா, சத்தத்தைக் குறைத்தார்களா, ஒன்றும் சொல்லாமல் முழுதும் பார்த்தார்களா? உங்கள் கதையின் வீட்டை இந்த மூன்றில் ஒன்றை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

உடல் காட்சி வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது. பாத்திரங்கள் 18-க்குக் கீழே, 2012-ன் போக்ஸோ சட்டத்தின் கண்ணில் இருவருமே குழந்தைகள், வாசகர்களும் குழந்தைகள். ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு காது, பஸ்ஸில் பிடித்துவைத்த சீட்டு, அனுப்பி அழித்த மெசேஜ், இது போதும். வயதில் மூத்த ஒருவர் வந்து பையனுக்கு எல்லாவற்றையும் 'புரியவைக்கும்' கதையும் வேண்டாம். அது காதலாகாது.

வீட்டில் யார் என்ன கேட்பார்கள்

அப்பா கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சேலை கட்டப் போறியா?" கிண்டலுக்குக் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் கூவாகம் திருவிழா எல்லோருக்கும் தெரியும், 2008-லேயே அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது, கேரளா 2015-ல் திருநர் கொள்கை கொண்டுவந்தது. நம் பெரியவர்களுக்குத் தெரிந்த படம் அது ஒன்றுதான், அதைத்தான் பையன் மேல் போட்டுப் பார்ப்பார்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. பையன் "ச்சீ, நான் அப்படி இல்லப்பா" என்று சொன்னால் அப்பாவுக்கு நிம்மதி, வாசகருக்கும் நிம்மதி, ஆனால் உங்கள் புத்தகத்தை எங்கேயோ ஒரு திருநங்கைப் பிள்ளையும் படித்துக்கொண்டிருக்கும். "இல்லப்பா. கட்டுறவங்க கட்டுவாங்க. எனக்குப் பேன்ட் போதும்" என்று முடித்தேன். உங்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்கலாம்.

இரண்டாவது கேள்வி டாக்டரைப் பற்றி வரும். மந்திரவாதி, ஜோசியர், குலதெய்வம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு ஒரு மனநல மருத்துவரிடம் வருவார்கள். உண்மை நிலவரம் இது: உலக சுகாதார அமைப்பு 1990 மே 17-ஆம் தேதியே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-ல் இது நோயில்லை என்று சொன்னது, 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. இத்தனையும் டாக்டர் வாயில் வைத்தால் காட்சி செத்துவிடும். என் டாக்டர் மூன்று வாக்கியம்தான் பேசுவார், இது நோயில்லை, மருந்து கிடையாது, மருந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். அப்பா வெளியே வந்து செருப்பைத் தேடுகிறார். அவருக்கு ஏமாற்றம். நோயாக இருந்திருந்தால் மாத்திரை இருந்திருக்குமே. அந்த ஏமாற்றத்தை எழுதினால் அப்பா வில்லனாக மாட்டார்.

அம்மாதான் முதலில் புரிந்துகொள்வாள் என்ற வழக்கத்தையும் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள். பல வீடுகளில் ஊர்ப் பேச்சை முதலில் வாங்குவது அம்மா, அதனால் அவளுக்குத்தான் பயம் அதிகம். என் கதையில் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, முதலில் வருகிறாள். அவளுக்குப் பேரன் சாப்பிட்டானா என்பது முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம். "ஏஞ்சாமி, அந்தப் பையன் ரெண்டு வாரமா வரக்காணம்? நீ ஏதாச்சும் சொல்லிப்போட்டியா?" அவ்வளவுதான் கேட்கிறாள். அவளுக்குத் தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்பதை நான் கடைசி வரை சொல்லவில்லை.

முறைப்பெண்ணை மறக்காதீர்கள். எங்கள் பக்கம் மாமன் மகளைக் காட்டி "இவதான் உனக்கு" என்று நாலு வயதிலிருந்தே கேலி பேசி வளர்ப்பார்கள். பையன் கதையில் அவளை ஒரு முட்டுக்கட்டையாக நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அவளுக்கும் 16 வயது, அவள் பெயரையும் கேட்காமல்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் இந்தச் செய்தியைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடலாம், கோபப்படலாம், தன் மேல்தான் ஏதோ குறை என்று அழலாம். மூன்றும் ஒரே சாயங்காலத்தில் நடக்கலாம்.

மட்ட அரிசி

ஏற்பைக் காட்ட ஒரு வழி சொல்கிறேன், எனக்கு வேலை செய்தது. பேச்சை எடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் சாமான்களில் எது இடம் மாறும் என்று பாருங்கள். மலையாளி வீட்டுப் பையன் மட்ட அரிசி என்கிற சிவந்த, தடித்த அரிசிச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவன். தமிழ் வீட்டில் பொன்னி. முதல் பாதியில் மலையாளிப் பையன் வரும்போதெல்லாம் வெள்ளைச் சோற்றைப் பிசைந்து, பாதியை வைத்துவிட்டுப் போகிறான், அம்மா அதைப் பார்க்கிறாள். நடுவில் எல்லாம் தெரிந்துபோகிறது, மாதக்கணக்கில் அவன் வருவதில்லை, வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அரை கிலோ மட்ட அரிசியைத் தனிக் குக்கரில் வைத்துவிட்டு, "இந்த எழவு அரிசி வேகறதுக்குள்ள கேஸே தீந்துபோகும்" என்று புலம்புகிறாள். யாருக்கு என்று சொல்லவில்லை. பையன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறான். அப்பா அன்றைக்கும் பேசவில்லை, சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். ஆனால் அவன் வரும் நேரத்தில் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார், மாடு உள்ளே வந்துவிடும் என்று எப்போதும் சாத்தி வைக்கிறவர்.

உங்கள் ஊர் செங்கோட்டை என்றாலும் நகரி என்றாலும் களியக்காவிளை என்றாலும் அங்கே இதுபோல ஒரு அரிசி இருக்கும், தேடிப் பாருங்கள். புலம்பல் கட்டாயம். புலம்பாமல் ஒருவர் அன்பு காட்டினால் நம்மவர்கள் நம்ப மாட்டார்கள்.

சாகடிக்காதீர்கள். மற்றவர்களைப் போல இல்லாத பாத்திரத்தைக் கடைசியில் கொல்வதோ பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதோ திரையிலும் கதையிலும் நிறையப் பார்த்தாகிவிட்டது. பஸ் ஏறுவது வாழ்க்கையில் பலருக்கு நல்ல முடிவுதான், ஆனால் 'ஏற்பு' என்று பெயர் வைத்த புத்தகத்தில் ஊர் ஒரு அடிகூட நகராமல் பையன் மட்டும் நகர்ந்தால் கணக்கு இடிக்கும். இருட்டான அத்தியாயம் வந்தால் வழிமுறை எதையும் எழுதாதீர்கள், உதவியை எழுதுங்கள். மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, குழந்தைகளுக்கு 1098, கேரளாவுக்குள் திஷா என்கிற உதவி எண் 1056. என் பையன் கூப்பிட்டு இரண்டாவது ரிங்கில் கட் பண்ணுகிறான், மறுநாள் மறுபடியும் கூப்பிடுகிறான். டெலிமானஸ் 2022-ல்தான் வந்தது, அதற்கு முன் நடக்கிற கதையில் வைத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எழுதி முடித்த பின்

யாராவது தன் கதையை உங்களிடம் சொல்லியிருந்தால் அதை அப்படியே எடுக்காதீர்கள், அனுமதி கொடுத்திருந்தாலும் ஊர், தொழில், வீட்டு அடையாளம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். நீல கேட் போட்ட வீடு என்று எழுதினால் எங்கள் பஞ்சாயத்தில் யார் வீடு என்று பால்காரர் சொல்லிவிடுவார்.

பிள்ளைகளிடம் படிக்கக் கொடுங்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், நல்லாத்தான் இருந்துச்சு என்பார்கள். யாராவது ரூமுக்குள் வந்தபோது எந்தப் பக்கத்தை மூடினாய் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் உயிர் இருக்கிறது, திருத்தும்போது அதில் கை வைக்காதீர்கள். அட்டையையும் யோசியுங்கள். வானவில் போட்ட அட்டை புத்தகக் கண்காட்சிக்கு அழகு, ஆனால் இதைப் படிக்க வேண்டிய பிள்ளை தம்பியோடு ஒரே கட்டிலில் படுக்கிறது, பஸ்ஸில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து போகிறது. தலைப்பும் அட்டையும் மேஜையில் கவலையில்லாமல் வைக்கிற மாதிரி இருந்தால் புத்தகம் கூடுதலாக இரண்டு கை மாறும்.

என் இரண்டாவது பிரதி அந்த பிளஸ் டூ பையனிடமிருந்து மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அதன் மேல் பிசிக்ஸ் கைடு அட்டை ஒட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒரு பக்கம் மடித்திருந்தான், அமுச்சி கேட்கும் பக்கம். ஓரத்தில் பென்சிலில், "எங்க அமுச்சி கேக்கலீங்கண்ணா. இன்னும் கேக்கலீங்க" என்று எழுதியிருந்தான்.